கல்லணை வரை சைக்கிளில்: சில வழிகள், ஒரு தவறு

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்த பிறகு பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் இன்றைக்குக் கொஞ்சம் ஓவர் டிராஃப்ட் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், பார்த்திருப்பீர்கள். கேட்பாரில்லாமல் நிற்கும் சைக்கிள்களுக்கு மஞ்சள் அட்டை கட்டியாயிற்று, 15ஆம் தேதிக்குள் சொந்தக்காரர் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்று. நான் போய் எண்ணிப் பார்த்தேன். 31 சைக்கிள்கள். பழக்க தோஷம், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஃபிரேம் உடைந்தது, துருப்பிடித்து இற்றுப்போனது என்று ஒதுக்க வேண்டியவை ஆறு. மிச்சம் 25க்கும் வேண்டியது புது டியூப், வால் டியூப், செயினுக்கு எண்ணெய், பிரேக் கட்டை. ஒரு சைக்கிளுக்கு ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே சாப்பிடுவதை விடக் குறைவு. பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் வாங்கிய அரசு சைக்கிள் மட்டும் நாலு நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் இப்போது பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள்.

அந்த 25இல் ஒன்றைப் பற்றி எனக்குத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்.

நாம் குடியிருப்பது ஒரு தீவில். தினமும் பாலம் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் போய் வருகிறோம், ஆனால் இது நமக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணையில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் மண்ணில்தான் ஸ்ரீரங்கமும் நம் திருவானைக்கோவிலும். இந்த மண் முழுக்க ஆறு கொண்டுவந்து போட்டது. அதனால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

எவ்வளவு தட்டை என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து திருச்சி சுமார் 80 மீட்டர் உயரம். கும்பகோணம் சுமார் 25 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆக ஒரு கிலோமீட்டருக்கு இறக்கம் அறுபது சென்டிமீட்டர், அதாவது ஒன்றேகால் முழத்துக்குச் சற்று மேல். சைக்கிள் மிதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும். அந்த முழக் கணக்கை நம்பித்தான் டெல்டா முழுவதும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்.

எனவே கியர் வைத்த சைக்கிள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். நான் வைத்திருப்பது கேரியர், ஸ்டாண்ட், செயின் கார்டு எல்லாம் உள்ள சாதாரண கறுப்பு சைக்கிள். வழியில் ஏதாவது உடைந்தால் எந்த ஊர் சைக்கிள் கடைக்காரரும் சரிபண்ணிக் கொடுப்பார். இருபதாயிரம் ரூபாய் சைக்கிளைப் பார்த்தால் அவர் பின்வாங்குகிறார், அனுபவத்தில் கண்டது.

இனி வழிகள்.

பழக்கம் விட்டுப்போனவர்கள் மேற்கிலிருந்து தொடங்குங்கள். ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிக்கொண்டு மேலூர் பக்கம் போனால் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரை போய் வரலாம். மேலணைக் காப்புக்காட்டில் 2015இல் திறந்தார்கள். பேரக்குழந்தைகள் லீவுக்கு வந்தால் அழைத்துப்போகத் தோதான தூரம். அங்கிருந்து முக்கொம்பு போகலாமே என்பீர்கள். முக்கொம்புக்கு எல்லோரும் போகிற பாதை தென்கரையில் கரூர் சாலை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக. ஒரு பக்கம் காவிரி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேருந்துகள் உரசிக்கொண்டு போகின்றன. நான் இரண்டு தடவை போனேன், மூன்றாவது தடவை போகவில்லை. முக்கொம்புக்குக் காரில் போங்கள்.

அடுத்தது கல்லணை. இதுதான் நம் வளாகத்துக்கென்றே போட்டுவைத்த வழி மாதிரி. திருவானைக்கோவிலிலிருந்து கிழக்கே திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. ஏறத்தாழ 15 கிலோமீட்டர். காவிரிக் கரையை ஒட்டியே சாலை போகிறது, மறுபக்கம் வாழைத் தோப்பு. திருவளர்சோலை தாண்டியதும் நகரத்துச் சத்தம் நின்றுபோகும். காலை ஆறரை மணிக்கு வாழை இலை அறுத்துக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள், அறுத்த இலையின் பச்சை வாசனை சாலை வரைக்கும் வரும். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வரும் இலை இங்கிருந்துதான் போகிறது என்பது எனக்கு அறுபத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

உத்தமர்சீலியில் ஒரு தரைப்பாலம் வரும். காவிரியில் அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் அங்கே வழிந்து சாலையைக் கடந்து கொள்ளிடத்துக்குப் போகும். அந்த நாட்களில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். ‘கணுக்கால் அளவுதானே’ என்று யாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்காதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நமக்குப் பக்கத்திலேயே கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகளை ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. 1836இலிருந்து நின்ற அணை அது. ஆற்றங்கரையில் போகிறவர்கள் மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கல்லணையைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? கரிகாலன், பெரும்பாறைகளை மணலில் போட்டுப் போட்டு அமிழ்த்திக் கட்டியது, 1080 அடி நீளம், இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. ஆனால் சைக்கிளில் போனால் ஒன்று புரியும். காரில் போகிறவர்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நான்கு வழிகளுக்குத் தனித்தனியே மதகுகள். யாருக்கு எவ்வளவு என்று இங்கே பிரித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் ஞாபகம்தான் வந்தது. கடைமடையில் இருப்பவன் கையெழுத்துப் போட இங்கே வரப்போவதில்லை, ஆனால் அவன் பங்கும் இங்கேதான் எண்ணப்படுகிறது. இந்தப் புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி ஓடுவது அதுதான்.

கல்லணையில் மீன் வறுவல் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம். நான் தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்கிறவன். படித்துறையில் காலை நனைக்கலாம், அதற்கு மேல் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுப்பு இருக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் வேறு.

கல்லணைக்கு அப்பால் போக ஆசைப்படுகிறவர்களுக்குக் கோவிலடி இருக்கிறது, அப்பக்குடத்தான் சன்னதி. அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடம் அதுதான். பிறகு திருவையாறு. இதைப் போய்வர என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வழி மட்டும் மிதித்துவிட்டு, திரும்பும்போது சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நாலு பேர் சேர்ந்தால் வாடகை கட்டுப்படியாகும். திருவையாற்றில் தியாகையர் சமாதிக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரலாம். அசோகா சாப்பிடலாமா என்பதை அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகும் சாலையை நான் ஒரே ஒரு தடவைதான் மிதித்திருக்கிறேன், ஒரு தை மாதம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டேன். அறுவடை நேரம். பாதிச் சாலையில் நெல் காயப் போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் கதிர் அறுக்கும் இயந்திரம் வந்துகொண்டிருந்தது. நெல்லின் மேல் ஏறக் கூடாது என்று நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து ஒரு அம்மா சிரித்துவிட்டு, “ஏறிப் போங்கய்யா, லாரியே ஏறுது” என்றார். ஒன்று மட்டும் கவனம். வைக்கோல் கிடந்தால் இறங்கிவிடுங்கள். அது ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால் எடுக்க அரை மணி நேரமாகும், பேனாக்கத்தி இருந்தால்.

தஞ்சாவூரில் மகன், மகள் இருப்பவர்கள் அங்கே சைக்கிள் கிடைத்தால் திருவையாறு வரை மிதித்துப் பாருங்கள். பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். மொத்த வழியிலும் ஏற்றம் என்றால் அந்த ஐந்து பாலங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும் போங்கள், மற்ற நேரத்தில் அதுவும் பேருந்துச் சாலைதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் 1991, 92இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட காலம். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பாரைத் தாண்டிக் காலைப் போட்டு ஓட்டினார்கள். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். சாயங்காலம் வங்கியைப் பூட்டிவிட்டு வரும்போது மைதானத்தில் விழுந்து எழுந்து பழகிக்கொண்டிருப்பார்கள். முப்பது வயசு, நாற்பது வயசுப் பெண்கள். அவர்களுக்கு அன்றைக்கு முட்டிவலி இல்லாமலா இருந்தது? இங்கே பெண்கள் யாராவது வருவதாக இருந்தால், முதல் ஒரு மாதம் நம் வளாகத்துக்குள்ளேயே காலை ஐந்தரைக்கு ஓட்டிப் பழக, வாட்ச்மேனிடம் சொல்லி அந்த நேரத்தில் காரை எடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் மேடைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

தட்டையான சாலையில் ஏற்றம் கிடையாது என்றேன். பாதி உண்மை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வருகிறது. திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆடியில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். இந்தக் காற்று விடியற்காலையில் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற எழும்பும். எட்டரை, ஒன்பது மணிக்கு நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கல்லணை நமக்குக் கிழக்கே இருக்கிறது. போகும்போது முதுகில் காற்று. அதுவும் இதமான காற்று. ‘பரவாயில்லையே, உடம்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று, இன்னும் பலமாக, முகத்துக்கு நேரே. நீங்கள் மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிர்க்காற்றும் பத்து என்றால் உங்கள் உடம்புக்கு அது இருபது. காற்று தள்ளுகிற விசை அப்படியே இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. என் நோட்டில் ஒரு ஜூலை மாதக் குறிப்பு இருக்கிறது. போக ஒரு மணி ஐந்து நிமிடம். வர ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒரே சாலை, ஒரே சைக்கிள், ஒரே ஆள். போகும்போது சும்மா கிடைத்தது என்று நினைத்தது வரவு கிடையாது, கடன். வட்டியோடு திருப்ப வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட விதம்தான் நான் சொல்ல வந்த தவறு.

போன வருஷத்துக்கு முந்தைய ஆடியில், நம் வளாகத்து நண்பர் ஒருவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், மற்றதைச் சொல்லலாம் என்றார். பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எனக்கு அது தெரியும். ஆறு மணிக்குக் கிளம்பினோம். பறந்தோம் என்றே சொல்ல வேண்டும். கல்லணையில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம், மகனுக்கு வீடியோ கால் போட்டு ஆற்றைக் காட்டினார். சாப்பிடலாமா என்றேன். வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். எட்டேகால் மணிக்குத் திரும்பினோம்.

கிளிக்கூடு தாண்டுவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. நான் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். உத்தமர்சீலி அருகே திரும்பிப் பார்த்தால் அவர் சைக்கிள் சாலையில் இப்படியும் அப்படியும் போகிறது. நிறுத்தினேன். ஒரு மதகுத் திட்டில் உட்கார்ந்தார். அந்தக் காற்றிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. “என்ன சார், களைப்பா?” என்றதற்கு என்மேல் எரிந்து விழுந்தார், அவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை. பிறகு எங்கள் பழைய மேனேஜர் எங்கே என்று கேட்டார். அவர் வங்கியில் வேலை பார்த்தவரே கிடையாது.

நான் என்ன செய்தேன்? தண்ணீர் கொடுத்தேன். விசிறினேன். வெயில், களைப்பு என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் அப்படியே போயிற்று. எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த அம்மாதான் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “இவருக்கு சுகர் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “காலையில மாத்திரை போட்டாரா? சாப்பிட்டாரா?” எனக்கு இரண்டும் தெரியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைக்குள் போய் டம்ளரில் பாதிக்குச் சர்க்கரை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டு வந்து, தலையைப் பிடித்து நிமிர்த்தி, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தார். தன் வீட்டுக்காரருக்கும் இப்படி வரும் என்று சொன்னார்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன ஆச்சு?” என்றார். அப்புறம் அந்த அம்மா பன்னும் டீயும் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானையை அவரே நிறுத்தி, எங்களையும் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிவிட்டார்.

காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று அவர் ஐந்தரைக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறார், வெறும் காபியோடு. மாத்திரை சர்க்கரையை இறக்குகிறது, மிதிப்பதும் இறக்குகிறது. வயிற்றில் எதுவும் இல்லை. காற்று இல்லாதிருந்தால் ஒருவேளை வீடு வந்து சேர்ந்திருப்போம். பிற்பாடு அவருடைய டாக்டர் விளக்கினார், எல்லா மாத்திரையும் இப்படிச் செய்யாது, சில வகை மாத்திரைகளும் இன்சுலினும்தான் இப்படித் திடீரென்று இறக்கிவிடும் என்று. யார் எந்த வகை சாப்பிடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு என்னுடையதே தெரியாமல்தான் இருந்தது. நினைவு இருந்தால்தான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று வாசலில் வண்டியிலிருந்து இறங்கியபோது அவர் மனைவி என்னைக் கேட்டது ஒரே கேள்வி. “அண்ணா, மாத்திரை போட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” நான் பதில் சொல்லவில்லை. வவுச்சரில் கையெழுத்து சரிபார்க்காமல் ஒரு பைசா கொடுத்ததில்லை வாழ்க்கையில். அடுத்த இரண்டு மாதம் லிஃப்டில் அவர்கள் இருந்தால் நான் படியில் போனேன். என் வீட்டிலும் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது தனிக் கதை.

கீழே மஞ்சள் அட்டை கட்டி நிற்கும் நீலச் சைக்கிள் அவருடையது. மகன் போனில் சொன்னார், “இனிமேல் அப்பா அதைத் தொடக் கூடாது.” அன்று குட்டியானையிலிருந்து இறக்கி வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஹேண்டில்பாரில் அந்த வாழைச் சருகு இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நான் மறுபடி மிதிக்க ஆரம்பித்தது நாலு மாதம் கழித்து. இப்போது என் விதிகள் கொஞ்சம். ஆனி முதல் ஆவணி வரை கிழக்கே போவதில்லை. மேற்கே மேலூர்ப் பக்கம் போகிறேன், போகும்போதே எதிர்க்காற்றில் உழைத்துவிட்டால் திரும்பும்போது காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். கல்லணை மார்கழி, தை, மாசியில். அப்போது காற்று லேசு, ஆற்றிலும் ஜனவரி 28 வரை பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். பனி கலைகிற வரை கிளம்புவதில்லை, வாழைத் தோப்புப் பக்கம் மார்கழிப் பனியில் பத்தடி முன்னால் ஆள் தெரியாது. சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம், எனக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும். கூட வருகிறவரிடம் வாசலிலேயே மூன்று கேள்வி: என்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள். கோபித்துக்கொள்கிறவர் வர வேண்டாம். முன்னால் போகிறவர் வேகமாகப் போகக் கூடாது. எல்லோரிலும் மெதுவானவர் முன்னால், நான் பின்னால். அன்றைக்கு நான் பின்னால் வந்திருந்தால் அரை கிலோமீட்டர் முன்பே பார்த்திருப்பேன்.

நாய்களைப் பற்றிக் கேட்டிருந்தார் ஏ பிளாக்கிலிருந்து ஒரு சார். துரத்தினால் மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவும் போய்விடும். இதுவரை பலித்திருக்கிறது.

இனி சங்கத்துக்கு என் வேண்டுகோள். 15ஆம் தேதியை மாத முடிவு வரை தள்ளி வையுங்கள். ஆறு சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடுங்கள், வருகிற பணத்தில் கீழே ஒரு நல்ல காற்றடிக்கும் பம்பும், சைக்கிள் நிறுத்த ஒரு இரும்புக் கம்பியும் வாங்கலாம். சொந்தக்காரர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் சைக்கிள்களைப் பொதுவில் வைத்து, ஒரு நோட்டில் எழுதிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும். நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

நண்பர் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார் டாக்டர், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக ஓட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மகனிடம் நானே பேசினேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் இந்தத் தடவை சொல்லவில்லை. வருகிற ஞாயிறு ஆறே முக்கால் மணிக்கு மேற்கு வாசலில் சந்திக்கிறோம். மேலூர் வரைதான், போய்வர இரண்டு மணி நேரம். நீலச் சைக்கிளுக்கு டியூப் மாற்றியாயிற்று. வாழைச் சருகை எடுக்கவில்லை, அவரே எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நண்பரின் மனைவி, பையில் பிஸ்கட்டோடு ஸ்கூட்டியில் எங்கள் பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். இட்லியை அவரே எண்ணி வைத்துச் சாப்பிடவைத்துத்தான் கீழே அனுப்புவாராம். என்னிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வியையும் அவரே கேட்கப் போகிறாராம். வர விரும்புகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெயர் கொடுங்கள், டயரில் காற்று இருக்கிறதா என்று நான் பார்த்து வைக்கிறேன்.